முதலில் ஒரு ஸ்டூல்

 

நான் புற்றுநோய் மருத்துவன். உடற்கூறியலில் பதக்கம் வாங்கியவன். கன்னத்து நரம்புகள் அத்தனையும் மனப்பாடம். அந்தத் திமிரோடு பயிற்சி மருத்துவராக இருந்தபோது, இந்தத் தரங்கம்பாடிக் கடற்கரையிலிருந்து ஓர் அம்மா வந்தார். மீன் விற்றவர். வாய் நிறைய வெற்றிலை, புகையிலை என்றே காலம் ஓட்டியவர். கன்னத்துப் புண் வெடித்து வாடை அடிக்கும். முந்தானையால் மூடிக்கொண்டே இருப்பார். கட்டைப் பிரித்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு நொடிதான். அவர் பார்த்துவிட்டார்.

வார்டு சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒட்டிப்போன பஞ்சைப் பிய்க்கவில்லை. உப்புநீரை விட்டு விட்டு, அது தானாக விடும்வரை பொறுத்திருந்தார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினார். கை வேலை பார்க்க, வாய் "சங்கரா இப்ப என்ன விலைம்மா?" என்று கேட்டது. வெளியே வந்ததும் என்னிடம், "மூக்க மூடணும்னா வராந்தாவுல மூடிட்டு வாங்க டாக்டர்" என்றார். அவ்வளவுதான்.

சில நாளில் வாடை அடங்கியது. வாசலோடு நின்ற பேரன் மடியில் ஏறினான். என்னிடம் "தேவலைங்க" என்றே சொல்லிவந்தவர், "காது வரைக்கும் இழுக்குது, தூங்கி மூணு நாளாச்சு" என்று சொன்னது இரவில், அந்த சிஸ்டரிடம். வலிமருந்தின் அளவை அதன்பிறகே கூட்டினோம். பரிவு என்று செவிலியர் படிப்பில் நீங்கள் படித்தது இதைத்தான். அது இல்லாத இடத்தில் நோயாளி வலியை மறைப்பார். மறைத்த வலிக்கு எந்த மருத்துவனும் மருந்து எழுத முடியாது.

வலி உடம்போடு நிற்பதில்லை, பயமும் தனிமையும் கடனும் சேர்ந்ததுதான் வலி என்று சொல்லி, 1967ல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், மருத்துவராகுமுன் செவிலியர். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

2022ல் மட்டும் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் 14 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. இந்தப் பக்கத்து நோயாளி புதுச்சேரி ஜிப்மருக்குப் போவார். அல்லது முத்துலட்சுமி ரெட்டி 1954ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு மருத்துவமனைக்குப் போவார். கதிர்வீச்சு முடிந்து திரும்புவது பொறையாரிலோ ஆக்கூரிலோ இருக்கும் தன் வீட்டுத் திண்ணைக்கு. அங்கே நான் வரப்போவதில்லை. 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டம் செவிலியரைத்தான் அந்தத் திண்ணைக்கு அனுப்புகிறது.

வேலையில் சேரும் முதல் நாள், கட்டில் பக்கத்தில் ஸ்டூல் கிடக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.