மார்பிலிருந்த திறவுகோல்



மனம் உடைந்து கிடக்கும் ஒருவனைக் கண்டால் நாம் என்ன சொல்லுகிறோம்? ‘தைரியமாயிரு’ என்கிறோம், ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறோம். சொல்லிவிட்டு நம் அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தச் சொற்கள் அவனுக்கு எவ்வளவு உதவின என்று திரும்பி வந்து விசாரிப்பவர் மிகச் சிலரே. கிறிஸ்தவ விசுவாசம் தரும் ஆறுதலும் இத்தகைய வாய்ச்சொல்தானோ என்று ஐயுறுவோர் உண்டு. அந்த ஐயத்துக்கு, இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர் ஏழைத் தொழிலாளி எழுதிய கதையைக் கொண்டே விடை தேடலாம் என்று நினைக்கிறேன்.

ஜான் பனியன் 1628ஆம் ஆண்டு பெட்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ கிராமத்திலே பிறந்தார். ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுப்பது அவர் குலத்தொழில். பதினாறாம் வயதிலே தாயையும் தங்கையையும் அடுத்தடுத்து இழந்தார். வாலிபத்தில், கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் ஆண்டுக் கணக்காக அவரை வதைத்தது. பின்பு தெளிவு பெற்றுப் பிரசங்கியானார். அரசாங்கத் திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கித்தார் என்று 1660ஆம் ஆண்டில் அவரைச் சிறைப்படுத்தினர். ‘இனிப் பிரசங்கிக்கமாட்டேன்’ என்று வாக்களித்திருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் வாக்களிக்கவில்லை, பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலே கழிந்தன.

வெளியே அவர் மனைவி எலிசபெத், முதல் தாரத்தின் நான்கு குழந்தைகளோடு தவித்தாள். கணவர் கைதான அதிர்ச்சியில் அவள் வயிற்றிலிருந்த சிசுவும் தங்கவில்லை. நான்கு குழந்தைகளில் மூத்தவள் பிறவிக் குருடு. அந்தக் குழந்தை பட்டினியாலும் குளிராலும் வருந்துவாளே என்ற நினைவு, மற்றெல்லாத் துன்பங்களைக் காட்டிலும் தம்மை உருக்கியதாகப் பனியனே எழுதியிருக்கிறார். குடும்பத்துக்கு நாலு காசு சேர்க்க அவர் சிறையில் அமர்ந்து நாடாக்களுக்கு நுனிக்குப்பி பொருத்திக் கொண்டிருந்தார். இப்படிப்பட்ட மனிதர் ஆறுதலைப் பற்றி எழுதினால், அதைச் சற்று நின்று கேட்கலாம் அல்லவா?

அவர் எழுதிய நூலே 1678ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மோட்சப் பிரயாணம்’. நம் நெல்லைச் சீமையில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவியே ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்தைப் பாடி 1894இல் வெளியிட்டார். அக்காவியத்தின் சுவையைப் பேசத் தனியே ஒரு நாள் வேண்டும். இன்று மூலக்கதைக்கே வருவோம்.

கதைத்தலைவன் கிறிஸ்தியான் முதுகிலே பெருஞ்சுமையோடு வான்நகர் நோக்கிப் புறப்படுகிறான். புறப்பட்ட சிறிது நேரத்துக்கெல்லாம் அவநம்பிக்கை என்னும் உளையிலே விழுந்துவிடுகிறான். கூட வந்தவனும் விழுகிறான். அவன் வீட்டுப் பக்கமாகவே கரையேறித் திரும்பிப் போய்விடுகிறான். கிறிஸ்தியான் மட்டும் சேற்றில் கிடந்து உழலுகிறான். இந்த இடத்தில் பனியன் கூறும் ஒரு செய்தி என்னை எப்பொழுதும் வியக்கச் செய்கிறது. அந்த உளையை மேடாக்க ஆயிரத்தறுநூறு ஆண்டுகளாக ஆட்கள் வேலை செய்கிறார்களாம். நல்லுபதேசங்களை இருபதினாயிரம் வண்டிக்குக் குறையாமல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்களாம். அத்தனையும் விழுங்கிவிட்டு உளை உளையாகவே கிடக்கிறது! உபதேசம் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இப்படி எழுதத் துணிந்தாரே, அந்த நேர்மையைப் பாருங்கள். கிறிஸ்தியானைக் கரையேற்றியது ‘உதவி’ என்ற பெயருடைய ஒருவன் நீட்டிய கை.

அடுத்து, சந்தேகத்தின் கோட்டை. பாதை கரடுமுரடாகிக் கால் நோகவே, கிறிஸ்தியானும் அவன் தோழன் திடநம்பிக்கையும் பக்கத்துப் புல்வெளி வழியாக நடக்கிறார்கள். இரவு வருகிறது, மழையும் வெள்ளமும் வருகின்றன. வழி தவறி உறங்கியவர்களை ‘விரக்தி’ என்னும் அரக்கன் பிடித்து நிலவறையில் அடைக்கிறான். புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவு வரை உணவில்லை, நீரில்லை, வெளிச்சமில்லை. தடியால் அடிக்கிறான். பிறகு அடியைவிடக் கொடியதொன்றைச் செய்கிறான், முன்போலவே கடுகடுப்போடு வந்து, ‘உங்களுக்கு இனி விடிவில்லை, நீங்களே உயிரை முடித்துக்கொள்வதுதான் வழி’ என்று போதிக்கிறான். கிறிஸ்தியான் அதை ஏற்கும் நிலைக்கு வந்துவிடுகிறான். அவனைத் தடுப்பவன் தோழன். அந்த அரக்கன் சொல்வது தீர்ப்பு அல்ல என்கிறான். முன்பு கடந்து வந்த ஆபத்துக்களை ஒவ்வொன்றாக நினைப்பூட்டுகிறான். இன்னும் சற்றுப் பொறுப்போம் என்கிறான். அரக்கனுக்கு வெயில் நாட்களில் வலிப்பு வந்து கை செயலற்றுப் போகும் என்பதையும் அவன் கவனித்து வைத்திருக்கிறான்.

சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியப் போகும் வேளையில் கிறிஸ்தியான் திடுக்கிட்டுத் தன்னைத்தானே கடிந்துகொள்கிறான். ‘வாக்குத்தத்தம்’ என்னும் திறவுகோல் அத்தனை நாளும் அவன் மார்பிலேயே இருந்திருக்கிறது! அதனால் நிலவறைக் கதவு திறக்கிறது. அடுத்த கதவும் திறக்கிறது. ஆனால் கடைசி இரும்புக் கதவின் பூட்டு எளிதில் இளகவில்லை என்கிறார் பனியன். அவர் அதையும் எளிதாக்கி எழுதியிருக்கலாம்; பன்னிரண்டாண்டு சிறையிலிருந்தவருக்குப் பூட்டுக்களின் தன்மை தெரியும்.

வாக்குத்தத்தம் என்பது துன்பம் வராது என்ற உறுதியன்று. துன்பத்தின் நடுவே கடவுள் நம்மோடிருக்கிறார் என்ற உறுதியே. விவிலியத்தில் புலம்பலுக்கும் இடமுண்டு. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலே தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதை எவரும் நூலிலிருந்து நீக்கிவிடவில்லை. கெத்செமனேத் தோட்டத்திலே இயேசுபெருமானும் துயரத்தால் நிலைகுலைந்தார். தம்மோடு விழித்திருக்கும்படி சீடர்களை வேண்டினார். துணை வேண்டுமென்று கேட்க அவரே நாணவில்லை. அப்படியிருக்க, தேர்விலே தவறியவரோ, வீட்டுக் கவலையால் உறக்கமிழந்தவரோ, மனத்துக்குள் அந்த அரக்கனின் குரலைக் கேட்பவரோ, ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மருத்துவரிடமோ வாய்திறந்து சொல்வதை விசுவாசக் குறைவு என்று எவ்வாறு சொல்லமுடியும்? திறவுகோல் கிறிஸ்தியானிடம் இருந்தது உண்மை. அது நினைவுக்கு வரும்வரை அவனை உயிரோடு வைத்திருந்தவன் மற்றொருவன்.

கதையின் முடிவிலும் இதுவே நிகழ்கிறது. வான்நகரின் வாயிலுக்கு முன் ஓர் ஆறு, பாலம் இல்லை. இத்தனை தூரம் வந்த கிறிஸ்தியான் அங்கே மீண்டும் அஞ்சி மூழ்குகிறான். தோழன் அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்து, தன் கால் தரையில் ஊன்றியிருப்பதைச் சொல்லிக்கொண்டே வருகிறான்.

பனியனின் கடைசிப் பயணம் 1688ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. தந்தை ஒருவர் தம் மகன்மேல் கடுங்கோபம் கொண்டிருந்தார். அவ்விருவரையும் சமாதானப்படுத்த ரெடிங் நகருக்குக் குதிரைமேல் சென்றார். அந்தக் காரியம் கைகூடிற்று. லண்டனுக்குத் திரும்பும் வழியில் பெருமழையில் நனைந்து காய்ச்சல் கண்டு, ஆகஸ்டு 31ஆம் நாள் நண்பர் ஒருவரின் வீட்டிலே உயிர் நீத்தார்.