கண் பார்த்ததும் கை கற்றதும்

பேராசிரியர்களே, ஓவிய நண்பர்களே, முன்வரிசையில் அமரச் சொல்லியும் பின்வரிசையிலேயே இருந்துகொண்ட ஓலைத்தொழில் அம்மாமாரே, மாணவர்களே,

மரபுத் துணியும் பின்னலும் இன்றைய கலைஞருக்கு எதைக் கொடுக்கும் என்று இரண்டு நாள் பேச இருக்கிறோம். தலைமை தாங்க என்னை அழைத்தீர்கள், நன்றி. கட்டுரைகள் பல காத்திருப்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிறர் கலையிலிருந்து வடிவத்தை எடுத்துக்கொள்வது எளிது. அந்த வடிவம் எப்படிப் பிறந்தது என்று கற்று வருவது கடினம். பயன் அந்தக் கடினத்தில்தான் இருக்கிறது.

இளம் வயதில் துணியில் அச்சிட ஒரு கோலம் தேடினேன். ஆச்சியின் வெற்றிலைக் கொட்டைப்பெட்டியில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள் இருந்தன. பார்த்துத் தாளில் வரைந்து, பெருமையோடு ஆச்சியிடம் நீட்டினேன். "உதை இழைக்கேலாது மோனை. இந்தச் சிவப்போலை நடுவழியில எப்பிடிப் பச்சையாகும்?" என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. பனையின் சார்வோலையை வார்ந்து கையில் தந்து இழைக்க வைத்தார். அன்று பின்னேரம்தான் விளங்கியது: கோலம் ஓலையின் மேல் தீட்டிய ஒன்றல்ல. எத்தனை ஓலையைத் தாண்டுவது, எதற்கு அடியில் நுழைவது என்ற கணக்கே கோலம். பிறகு நான் வரைந்தவற்றில் பெட்டியின் சாயல் அதிகமில்லை. அந்தக் கணக்கு இல்லாமல் அவற்றில் ஒன்றும் வந்திருக்காது.

துணியின் வரலாறும் இதையே சொல்கிறது. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலத்தில் சாயவேர் கிண்டினார்கள். ஒல்லாந்தர் ஆண்ட 1658 முதல் 1795 வரையான காலத்தில் அது கும்பனியின் தனியுரிமை; வேர் கிண்டுவதையே கடமையாகச் சுமந்த மக்கள் இங்கே இருந்தார்கள். அக்கரையில், சோழமண்டலக் கரையில், இந்த வேர்தான் ஓவியத் துணிக்குச் சிவப்பைக் கொடுத்தது. கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் படிகார நீரால் வரைவார்கள். கோடு கண்ணுக்கு அரிதாகவே தெரியும். வேரோடு சேர்த்துக் கொதிக்க வைத்த பிறகுதான் படிகாரம் தொட்ட இடம் சிவக்கும். மற்ற இடத்துச் சாயம் கழுவி வெளுக்கப் போய்விடும். வரைபவர் தாம் வரைவதைக் கண்ணால் காண்பதற்கு முன்பே மனத்தில் கண்டிருக்க வேண்டும்.

1643இல் லண்டனிலிருந்த ஆங்கிலக் கும்பனியின் இயக்குநர்கள் இந்தியாவிலிருந்த தம் ஆட்களுக்கு எழுதினார்கள்: சிவப்புத் தரை எல்லோருக்கும் பிடிக்கவில்லை, வெள்ளைத் தரை கூடுதலாக வேண்டும், நடுவில் பூவும் கொடியும் ஓவியர் விருப்பம். பின்னர் வந்த துணிகளின் பூமரக் கோலத்தில் பாரசீகமும் சீனமும் ஆங்கிலப் பூத்தையலும் கலந்திருக்கின்றன. அந்த ஓவியர்கள் அந்நியர் கேட்டதை மறுக்கவில்லை. அப்படியே பெயர்த்து வைக்கவுமில்லை. வேரும் படிகாரமும் இடம் கொடுத்த அளவுக்குள் தமதாக்கிக்கொண்டார்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. யாழ்ப்பாண வழிவந்த சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கை முழுவதும் அலைந்தபோது கைவினைஞரிடம் கேட்டறிந்தவற்றை 1908இல் பெருநூலாக்கினார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அந்நூல் ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சாயிற்று. கூடவே பயணம் செய்த அவர் மனைவி எதல், பூத்தையல்களைத் திரட்டினார், படம் பிடித்தார். பின்னாளில் எதல் மெய்ரே என்ற பெயரில் இங்கிலாந்தின் பெரிய நெசவுக் கலைஞரானார். 1916இல் தாவரச் சாயம் பற்றி நூல் எழுதினார். அவருக்குப் பெயர் தேடித் தந்தது அந்தப் பூத்தையல்களின் நகலல்ல, கைநூற்பும் தாவரச் சாயமும் சேர்ந்த நெசவு. குமாரசுவாமியின் நூலோ கண்டி இராச்சியத்துக் கலையைப் பேசுவது. எங்கள் கொட்டைப்பெட்டியையும் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியையும் அதில் தேட முடியாது. அவற்றைப் பற்றி எழுத வேண்டியவர்கள் நாங்கள்.

எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். சேலைக்கரையில் நாம் மாங்காய் என்பதை உலகம் பெய்ஸ்லி என்கிறது. காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து நெய்த ஸ்கொட்லாந்து ஊரின் பெயர் அது. பார்த்து நெய்தவர்களின் ஊர் நிலைத்தது. முதலில் நெய்த கைகளை யாரும் கேட்கவில்லை. ஓலையிலிருந்து ஒரு கோலத்தை எடுத்துத் துணியிலோ திரையிலோ வைக்கும் எங்கள் மாணவரும் நாளை இதே தவறைச் செய்யக்கூடும்.

ஆகவே கட்டுரை படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். படம் காட்டும்போது அது எவ்வூரில், யார் கையில் பிறந்தது என்பதையும், ஓலையின் அல்லது இழையின் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். கணக்குத் தெரியாவிட்டால் கேட்டறிய வழி இருக்கிறது. பின்வரிசையில் இருக்கும் அம்மாமார் வார்ந்த சார்வோலையோடு வந்திருக்கிறார்கள். முதற் கட்டுரைக்கு முன்பாக அவர்களை முன்னால் வரும்படி கேட்டுக்கொண்டு, பாய் விரிக்க மாணவர்களை அழைத்து, இந்த ஆய்வரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.