மூன்று சக்கர வண்டியின் பிரேக் பூட்டிக் கொண்டால்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளம், வீடு, மருத்துவம் என்று பேச வேண்டியவை மலைபோல் குவிந்திருக்க, ஒரு வண்டியின் பிரேக்கைப் பற்றிப் பேசுவதற்கா கூட்டம் போட்டீர்கள் என்று பின் வரிசையில் சிலர் கேட்பது நம் காதில் விழாமல் இல்லை. கேட்கட்டும். பேச்சு முடிந்த பின்னும் அவர்கள் அதையே கேட்டால் அப்போது பதில் சொல்வோம்.

மின்சார பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டி நம் லயங்களுக்குள் வந்துவிட்டது. மரத்தடியில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தவர், சர்க்கரை நோயில் காலைப் பறிகொடுத்தவர், நாற்பது ஆண்டு காண்டா சுமந்து முழங்கால் தேய்ந்துபோன பாட்டி, இவர்களுக்கெல்லாம் அந்த வண்டிதான் கால். கோயிலுக்கும் கடைக்கும் கிளினிக்குக்கும் யார் தயவும் இல்லாமல் போய்வருகிறார்கள். அப்படிப் போகிற வண்டி நடுச் சடக்கில் நின்றுவிடுகிறது, தள்ளினாலும் அசையவில்லை, பின் சக்கரம் இரண்டும் இறுகிக் கிடக்கின்றன. உடனே நம் பிள்ளைகள் உதவிக்கு ஓடி வருகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் என்ன செய்கிறார்கள்? ஒருவன் சுத்தியலைத் தேடுகிறான். ஒருவன் எண்ணெயை ஊற்றுகிறான். இன்னொருவன் மோட்டார் சைக்கிளில் கயிறு கட்டி இழுக்கிறான். நாலாமவன் பின்னால் இருக்கும் லீவரைத் தூக்கிவிடுகிறான். ஆள் உட்கார்ந்திருக்க, வண்டி செம்மண் இறக்கத்தில் தானாக உருள ஆரம்பிக்கிறது. பூட்டிய வண்டியால் ஆளுக்குத் தாமதம் மட்டுமே உண்டாகும். இறக்கத்தில் அவிழ்த்துவிட்ட வண்டியோ ஆளைக் கொண்டுபோய் வாய்க்காலில் போடும். இந்தப் பயம்தான் இன்று எங்களை இங்கே பேச வைத்திருக்கிறது.

முதலில் அந்த பிரேக் என்ன பொருள் என்று தெரிந்து கொள்வோம். பால் லாரியின் கைப் பிரேக்கை டிரைவர் இழுத்தால் பிடிக்கும், தளர்த்தினால் விடும். இந்த வண்டியில் கதை தலைகீழ். மோட்டாரின் வால் பக்கத்தில் உருண்டையாக ஒரு மூடி இருக்கும். அதற்குள் மோட்டார் தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு தட்டு. அதன்மேல் ஓர் இரும்புத் தகடு. அந்தத் தகட்டை ஸ்பிரிங்குகள் எப்போதும் அழுத்திக் கொண்டே இருக்கின்றன. அழுத்தத்தில் தட்டு சுழலாது. ஆகவே சக்கரமும் சுழலாது. நீங்கள் ஓட்டும் பிடியை அழுத்தியதும் ஒரு கம்பிச் சுருளுக்குள் மின்சாரம் பாய்கிறது, சுருள் காந்தமாகிறது, தகட்டைப் பின்னுக்கு இழுக்கிறது. அப்போது “டிக்” என்று ஒரு சத்தம் கேட்கும். தட்டுக்கு விடுதலை, வண்டி புறப்படுகிறது. பிடியை விட்டால் வண்டி மெதுவாகி நிற்கும், மின்சாரம் அறும், ஸ்பிரிங் மறுபடி அழுத்தும், இரண்டாவது “டிக்”. தகடு நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அந்தச் சிறிய இடைவெளியில்தான் ஆளின் உயிர் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பதுதான் மின்சாரம். கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும், சாவியை யாராவது பிடுங்கினாலும், வண்டி தானாகப் பிடித்துக் கொள்ளும். மேட்டில் ஏறும்போது பேட்டரி செத்தால் பின்னுக்கு உருண்டு போகக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே பிரேக் பூட்டிக் கொண்டது என்றால் பிரேக் கெட்டுவிட்டது என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் பிரேக் தன் வேலையைச் செய்து கொண்டிருக்கிறது. மின்சாரம்தான் அதற்கு வந்து சேரவில்லை.

பெட்ரோலில் ஓடும் பெரிய மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களும் உலகில் உண்டு. கனடா நாட்டு பி.ஆர்.பி. நிறுவனம் 2007ஆம் ஆண்டில் கொண்டு வந்த கான்-ஆம் ஸ்பைடர் அத்தகையது; முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. அந்த இனத்தில் பின்னர் வந்த சில வண்டிகளில் பொத்தானை அமுக்கினால் சிறிய மோட்டார் ஒன்று சுழன்று பிரேக்கை இறுக்கும். அங்கே பூட்டவும் மின்சாரம் வேண்டும், திறக்கவும் மின்சாரம் வேண்டும். பூட்டிய பிறகு பேட்டரி செத்தால் பூட்டியபடியே நிற்கும். முதலில் பேட்டரிக்கு உயிர் கொடுத்துவிட்டுத்தான் பொத்தானைத் தொட வேண்டும்; அதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக்கின் வேலை. நம்மவர் அதை வாங்கப் போவதில்லை என்பது தெரிந்த கதை. இரண்டையும் ஒன்றென்று எண்ணி, ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றதற்குச் செய்யக் கூடாது என்பதற்காகவே சொன்னோம்.

இப்போது சடக்குக்கு வருவோம். வண்டி நின்றுவிட்டது. முதல் வேலை என்ன? சாவி அல்ல, லீவர் அல்ல, பேட்டரியும் அல்ல. கட்டை! இறக்கத்தின் பக்கம் சக்கரத்துக்கு அடியில் இரண்டு கட்டைகளை வையுங்கள். கட்டை இல்லையா, கல்லை வையுங்கள். பிறகு உட்கார்ந்திருப்பவரைத் தாங்கிப் பிடித்து இறக்கி, நிழலில் ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள். அவர் “பரவாயில்லை தம்பி, நான் இப்படியே இருக்கிறேன்” என்பார். கேட்காதீர்கள். அவர் இறங்கும் வரை லீவரை யாரும் தொடக் கூடாது.

அடுத்தது லீவரைப் பார்ப்பது. பின் பக்கம், மோட்டாருக்கு அருகில், சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கும். நிறமும் இடமும் வண்டிக்கு வண்டி மாறும். வண்டியைக் கையால் தள்ளுவதற்காக பிரேக்கை விடுவிக்கும் லீவர் அது. அதைத் “தள்ளு” பக்கம் வைத்தால் பிரேக் பிடிக்காது. அதே சமயம் வண்டி ஓடவும் மறுக்கும். வீட்டைக் கூட்டும்போது யாரோ நகர்த்தியிருப்பார்கள், அல்லது பேரப்பிள்ளை விளையாடியிருப்பான். லீவர் பாதியில் நின்றால் இன்னும் மோசம்: ஓடவும் ஓடாது, சரியாகத் தள்ளவும் வராது. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தாரிடம் பட்டணத்துக் கடை ஒன்றில் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நகையை அடகு வைக்கும் யோசனையில் இருந்தார்கள் அவர்கள். நம் தோழர் ஒருவர் குனிந்து பார்த்தார். லீவர் பாதியில் நின்றது. தட்டி இறக்கினார், வண்டி ஓடிற்று. கடைக்காரர் குனியவில்லையா, குனிந்தும் சொல்லவில்லையா என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறோம்.

லீவர் சரியாக இருந்தால், சாவியை அணைத்துச் சில விநாடி கழித்துப் போடுங்கள். போடும்போது ஓட்டும் பிடியில் கை படக் கூடாது; பிடி அழுந்தியிருந்தால் பல வண்டிகள் பத்திரம் கருதிப் புறப்பட மறுக்கும். சார்ஜர் கம்பி மாட்டியபடி இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டியிருந்தால் ஓடாத வண்டிகளும் உண்டு. பேட்டரிப் பெட்டியருகே வெளியே துருத்திக் கொண்டு நிற்கும் ஒரு பொத்தான் இருந்தால் அதை ஒரு முறை உள்ளே அமுக்குங்கள். அமுக்கியதும் மறுபடி வெளியே தள்ளினால் விட்டுவிடுங்கள். உள்ளே எங்கோ கோளாறு.

பிறகு எல்லோரும் வாயை மூடிக் கொண்டு காதைக் கொடுங்கள். பிடியை இலேசாக அழுத்தும்போது “டிக்” கேட்கிறதா? சுற்றி நின்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்லும் கூட்டத்தில் அது கேட்காது. அந்தச் சத்தம்தான் நமக்கு வைத்தியர்.

சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் பேட்டரி, அல்லது அதன் இணைப்பு. விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை, சிறிய விளக்கு மின்னி மின்னிக் காட்டுகிறது என்றால், எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணி எழுதிக் கொள்ளுங்கள். எந்தக் கோளாறுக்கு எத்தனை மின்னல் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். லீவரில் உள்ள சிறிய சுவிட்சாக இருக்கலாம், சுருளுக்குப் போகும் கம்பி அறுந்திருக்கலாம். சத்தம் கேட்கிறது, ஆனாலும் சக்கரம் இறுக்கம் என்றால் தட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே துருவோ மண்ணோ சேர்ந்திருக்கலாம். மழையில் நனைந்து மாதக் கணக்கில் நின்ற வண்டியில் இது சகஜம். கருகிய வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள்; பிரேக் தேய்ந்து கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். சில வண்டிகளில் கைப்பிடியில் கம்பி இழுக்கும் பிரேக்கும் தனியாக உண்டு. அதைப் பூட்டி வைக்கும் கொக்கி மாட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழியை மின்சாரத்தின்மேல் போட்டுவிட்டுக் கொக்கியை மறந்தவர்கள் பலர்.

விளக்கு எரிவதால் பேட்டரி நல்லது என்று எண்ண வேண்டாம். விளக்குக்குச் சிறிது மின்சாரம் போதும். மோட்டாருக்கு நிறைய வேண்டும். இந்த வண்டிகளில் பொதுவாக 12 வோல்ட் பேட்டரி இரண்டு, சேர்ந்து 24 வோல்ட். ஈயப் பேட்டரி நன்றாக ஏறியிருந்தால், நிற்கும் நிலையில் இரண்டும் சேர்ந்து 25 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 24-க்குக் கீழே என்றால் தீர்ந்து கொண்டிருக்கிறது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அதைக் காலியாக வைத்திருக்கலாகாது. தீபாவளிக்கு மகன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருகிறவர்கள், போகுமுன் நிறைய ஏற்றிவிட்டுப் போக வேண்டும். பட்டறைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பிரேக் சுருளின் இரு முனையையும் ஓம் மீட்டரில் வைத்துப் பாருங்கள். எத்தனை ஓம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். முள் அசையவே இல்லையென்றால் சுருளோ கம்பியோ அறுந்தது உறுதி.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். நமக்கு எது இறுகினாலும் எண்ணெய் விடும் பழக்கம். இங்கே அது கூடவே கூடாது. தட்டில் எண்ணெய் பட்டால் இறுக்கம் போகும். கூடவே பிடிமானமும் போய்விடும். பிறகு மேட்டில் நிறுத்தினால் வண்டி நிற்காது. துருவாக இருந்தால் பட்டறையில் திறந்து, உலர்ந்த துணியால் துடைத்து, தட்டு தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். லீவரைத் தூக்கி ரப்பியா கயிற்றால் கட்டி வைப்பதும், பேட்டரியிலிருந்து சுருளுக்கு நேராகக் கம்பி கொடுத்து பிரேக்கை நிரந்தரமாக விடுவித்து ஓட்டுவதும் கெட்டிக்காரத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுத்தியலால் தட்டினால் தகடு வளையும். கயிறு கட்டி இழுத்தால் டயர் ஒரு பக்கம் தேயும், பல்சக்கரம் உடையும். குழாயைப் பிடித்து மோட்டார்மேல் தண்ணீர் அடிப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். செம்மண் உலர்ந்தபின் தூரிகையால் தட்டினால் தானாக உதிரும்.

சரி, எதற்கும் மசியவில்லை, வண்டியை வீடு சேர்க்க வேண்டும். சமதரையாக இருந்தால் சாவியை அணைத்து, லீவரைத் தள்ளு பக்கம் வைத்து, இரண்டு பேர் பிடித்துத் தள்ளலாம். நின்றதும் லீவர் பழைய இடத்துக்கு வர வேண்டும். மேட்டிலோ இறக்கத்திலோ லீவரைத் தொடாதீர்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிகள் உண்டு. உருள ஆரம்பித்தால் இரண்டு பேர் பிடித்து நிற்காது. வேனுக்குச் சொல்லியனுப்பி, நாலைந்து பேர் சேர்ந்து தூக்கி ஏற்றுங்கள். அதுவரை கட்டை அங்கேயே இருக்கட்டும்.

செலவு யாருடையது? வேலைக்காகத் தோட்டமே கொடுத்த வண்டி என்றால் அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை; 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிரேக் பிடிக்காத வண்டியில் ஏறு என்று சொன்னால், முதலில் ஆபத்தை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள், எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் ஆபத்தை நீக்காவிட்டால் அந்த வேலையிலிருந்து விலகிக் கொள்ளும் உரிமையை, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. பழுது பார்த்த கூலியைச் சம்பளத்தில் பிடித்தால் சீட்டைக் கிழிக்காமல் கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். எதைப் பிடிக்கலாம் என்பதை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது, அதில் இது இல்லை. கிராணிமார்கள் இதைப் படித்து வைத்துக் கொள்வது நல்லது. சம்பளப் பட்டியலில் அந்தக் கழிவை எழுதச் சொல்லி முதலில் நம்மிடம்தானே தாளை நீட்டுகிறார்கள்.

வேலையில் அடிபட்டு உடல் ஊனமானவர்களுக்குச் சொக்சோவின் மறுவாழ்வு உதவி உண்டு. செயற்கைக் கால், சக்கர நாற்காலி போன்றவை அதில் அடங்கும். அவர் தமக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாமல் சொந்தப் பணத்தில் பழைய வண்டியை வாங்கி அவதிப்படுவதைப் பார்க்கிறோம். வாங்குமுன் எங்களிடம் வாருங்கள். மனு எழுதித் தருகிறோம். பழைய வண்டிதான் வாங்க முடியும் என்றால், கையேட்டையும் சாவி இரண்டையும் கேட்டு வாங்குங்கள், மேட்டில் நிறுத்திப் பார்த்து வாங்குங்கள்.

கிளையின் செலவில் ரப்பர் மரக் கட்டைகள் அறுத்து வைத்திருக்கிறோம். வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு. இருக்கைக்கு அடியில் போட்டு வையுங்கள். அடுப்புக்குப் போய்விட வேண்டாம். நம் தோழர் ஒருவர் தம் வண்டியை மனமுவந்து கொடுத்திருக்கிறார். மண்டபத்து வாசலில் சமதரையில் நிற்கிறது. தேநீருக்கு முன் எல்லோரும் வெளியே வாருங்கள். லீவர் எங்கே, பொத்தான் எங்கே என்று காட்டுகிறோம். தாய்மார்கள் முன்னால் நில்லுங்கள். பகலில் வீட்டில் இருக்கப் போகிறவர்கள் நீங்கள்தான். “டிக்” சத்தத்தை ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டுப் போங்கள்.