மதராசி கேம்ப் இருந்த கரையில்

கன்னியாகுமரியில் புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் தில்லி ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் வந்து நிற்கும். அந்த நிலையத்துக்கும் ஜங்புராவுக்கும் பக்கத்தில் ஓடும் பாராபுல்லா கால்வாயின் கரைக்குத்தான் இன்று உங்களை அழைத்துப் போகிறேன்.

மதராசி கேம்ப் இருந்த இடம் இது. பெரும்பாலும் தமிழர்களான 370 குடும்பங்கள் இங்கே வாழ்ந்தன. ஏறத்தாழ 60 ஆண்டுக் குடியிருப்பு. பெண்களில் பலருக்கு ஜங்புரா, நிஜாமுதீன் வீடுகளில்தான் வேலை. காலையில் நடந்தே போய்விடுவார்கள். பிள்ளைகளில் பலர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படித்தார்கள். மழைக்காலத்தில் கால்வாய் அடைபட்டு வெள்ளம் தேங்குகிறது என்பதால் தில்லி உயர் நீதிமன்றம் குடியிருப்பை அகற்ற உத்தரவிட்டது. 2025 ஜூன் 1 அன்று வீடுகள் இடிக்கப்பட்டன. 189 குடும்பங்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு என்று முடிவானது. மற்றவர்களுக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கிருந்து சற்றுத் தள்ளி, ஜஹாங்கீர் காலத்துக் கல்பாலம் ஒன்று நிற்கிறது. வயது சுமார் 400, பதினோரு வளைவுகள். அண்மைக்காலம் வரை அதன்மேல் சந்தை நடந்தது. இப்போது தொல்லியல் துறை அதைச் சீராக்கிக் காக்கிறது. அருகிலேயே 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய மேம்பாலத்தில் கார்கள் விரைகின்றன. பழையதைக் காப்பதா, புதியதைக் கட்டுவதா, யாருக்காக என்ற கேள்விகளெல்லாம் இந்த ஒரே கரையில் எழுகின்றன.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. பழைய கட்டடத்தை இடிக்காமல் புதுப் பயன்பாட்டுக்கு மாற்றுவது இன்றைய கட்டடக்கலையில் மதிப்புள்ள துறை. ஆலைகளும் கிடங்குகளும் இதற்குத் தோதானவை. உயர்ந்த கூரை, தடித்த சுவர், நடுவில் தூணில்லாத அகலமான கூடம். உள்ளே மாடி போடலாம், தடுப்பு வைக்கலாம். அந்தக் கட்டடத்துக்கான செங்கல்லும் சிமென்ட்டும் எப்போதோ செலவழிந்துவிட்டன. இடித்தால் அந்த உழைப்பு முழுவதும் குப்பைமேடாகும். லண்டனில் 1981இல் மூடிய பேங்க்சைடு மின்நிலையம் 2000இல் டேட் மாடர்ன் கலைக்கூடமாகத் திறந்தது. இதே தில்லியில், சத்தர்பூரில் ‘தன் மில்’ என்ற வளாகத்தில் பழைய தானியக் கிடங்குகள் துணிக்கடைகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறியிருக்கின்றன.

ஆனால் நம் சென்னையின் ஐஸ் ஹவுஸ் இவற்றை விடப் பெரிய பாடம் சொல்கிறது. அமெரிக்க வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், கப்பலில் மரத்தூளில் பொதிந்து கொண்டுவந்த பனிக்கட்டியை வைக்க 1842இல் கடற்கரையில் கட்டிய கிடங்கு அது. இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்கார் அதை வாங்கி, ஜன்னலும் வராந்தாவும் வைத்து வீடாக்கினார். குளிர் வெளியேறாமல் இருக்க அடைத்துக் கட்டிய சுவரில் காற்றும் வெளிச்சமும் நுழைந்தன. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர் சகோதரி சுப்பலட்சுமி, இளம் விதவைகள் தங்கிப் படிக்க அதை இல்லமாக்கினார். பனிக்கட்டிக்காகக் கட்டிய கூரை, இளம் விதவைகளுக்கு அடைக்கலமாயிற்று. இன்று அது விவேகானந்தர் இல்லம்.

கிடங்கின் சுவரை மட்டும் காப்பாற்றினால் கட்டடம் பிழைக்கும். அதற்குள் யாரைக் குடியமர்த்துகிறோம் என்பதில்தான் அந்த வேலையின் பெருமை இருக்கிறது. மதராசி கேம்ப் மக்களுக்குக் கொடுத்த நரேலாவோ இந்தக் கால்வாய்க் கரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண் காலை ஆறு மணிக்கு ஜங்புராவில் நிற்க வேண்டுமென்றால் எத்தனை மணிக்குப் புறப்படுவாள்? வேலை பறிபோனபின், கொடுத்த வீடு எப்படி வீடாகும்?

தில்லியிலும் நம் ஊர்களிலும் மூடிய ஆலைகளும் காலிக் கிடங்குகளும் நகரின் நடுவிலேயே இருக்கின்றன. அவற்றில் சிலவற்றையாவது, வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் ஏழைகள் குடியிருக்கும் வீடுகளாக மாற்றலாம். கட்டடக் கலைஞர்களுக்கு அந்தத் திறமை இருக்கிறது. அரசு அந்த வேலையை அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த முறை நிஜாமுதீனில் இறங்கும்போது ஜங்புராப் பக்கம் நடந்து, இந்தக் கரையைப் பாருங்கள். உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் ஆலையை என்ன செய்யலாம் என்ற பேச்சையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.