யார் முன்னே, யார் பின்னே?

ஜாவா சேவைக் கட்டமைப்புகள் பற்றிய இக்கருத்தரங்கைத் தலைமையேற்றுத் தொடங்கிவைக்கும் வாய்ப்பைத் தந்த அமைப்பாளர்களுக்கு நன்றி. வேகம், நினைவகம், கன்டெய்னர் என்று அமர்வுகள் நிரம்பியிருக்கின்றன. யாரும் கட்டுரை அனுப்பாத பொருள் ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு மெத்தடைச் சுற்றி நிற்கும் இன்டர்செப்டர்களில் எது முன்னே, எது பின்னே?

அனுமதி பார்ப்பது, லாக் எழுதுவது, டிரான்ஸாக்‌ஷன் திறப்பது ஆகியவற்றை இன்டர்செப்டர்களாக மெத்தடுக்கு வெளியே எடுத்துவைப்பது நமக்குப் பழகிப்போன வேலை. கோயிலில் வெளிப் பிராகாரத்தை முதலில் கடப்பவர், திரும்பும்போது அதைக் கடைசியாகக் கடக்கிறார் அல்லவா? முதலில் நுழையும் இன்டர்செப்டரும் அப்படியே. உள்ளே நடந்த எல்லாவற்றின் முடிவும் அதன் கைக்குத்தான் வந்துசேரும். எனவே வரிசை மாறினால் நிரலின் நடத்தையே மாறும். இதை அலங்கார வேலையாக நினைத்து இளநிலைப் பொறியாளரிடம் தள்ளிவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம்.

ஓர் இடத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். ஒரே மெத்தடின் தலையில் டிரான்ஸாக்‌ஷனல், ரீட்ரை என்ற இரண்டு அனோடேஷன்கள் இருக்கின்றன. எதை மேலே எழுதினாலும் பயனில்லை. முன்னுரிமை எண்தான் தீர்மானிக்கும், சிறிய எண் முதலில் ஓடும். ஜேடிஏ விதியில் டிரான்ஸாக்‌ஷனலின் எண் 200. மைக்ரோபுரொஃபைல் ஃபால்ட் டாலரன்ஸ் விதியில் ரீட்ரையின் எண் 4010. ஆகவே டிரான்ஸாக்‌ஷன் வெளியே, மறுமுயற்சி உள்ளே. எழுதியவர் நினைத்தது இதற்கு நேர்மாறாகத்தான் இருந்திருக்கும்.

அடியில் போஸ்ட்கிரஸ் இருக்கிறது. இரண்டு டிரான்ஸாக்‌ஷன்கள் மோதி, 40001 என்ற பிழை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறிந்த டிரான்ஸாக்‌ஷனை ரோல்பேக் செய்யும்வரை போஸ்ட்கிரஸ் வேறெந்தக் கட்டளையையும் ஏற்காது. ரீட்ரையோ அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் நின்று, இயல்பு அமைப்பின்படி மேலும் மூன்று முறை முட்டுகிறது. கடைசியில் மேலே வருவது மோதல் பற்றிய பிழையல்ல, டிரான்ஸாக்‌ஷன் முறிந்துகிடக்கிறது என்ற பிழை. இரவுப் பணியில் இருப்பவர் அதைப் பார்த்துத் தவறான இடத்தில் தேடத் தொடங்குவார். ஹைபர்நேட் தரவு எழுதுவதைக் கமிட் நேரம்வரை தள்ளிப்போட்டால் நிலைமை இன்னும் மோசம். ரீட்ரை தன் வேலை முடிந்ததென்று வெளியேறிய பிறகே பிழை எழும். ரீட்ரைக்குச் செய்தியே தெரியாது.

கான்ஃபிகரேஷனில் ஃபால்ட் டாலரன்ஸின் எண்ணை 200-க்குக் கீழே இறக்க வழி உண்டு. ஆனால் டைம்அவுட், சர்க்யூட் பிரேக்கர் எல்லாமே அதனோடு சேர்ந்து நகரும், பயன்பாடு முழுவதும். ரீட்ரையை ஒரு பீனிலும் டிரான்ஸாக்‌ஷனை அது அழைக்கும் இன்னொரு பீனிலும் வைப்பதே என் விருப்பம். நிரலைப் படிப்பவர் கண்ணுக்கே வரிசை தெரிந்துவிடும்.

இவ்வளவு முக்கியமான ஒன்று எப்படி எண்ணுக்குள் போய் ஒளிந்தது? 2006-இல் வந்த ஈஜேபி 3.0-இல் பொது இன்டர்செப்டர், வகுப்புக்குரியது, மெத்தடுக்குரியது என்ற வரிசை விதியாகவே இருந்தது. மாற்ற வேண்டுமானால் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத வேண்டும். 2009-இல் சிடிஐ வந்தபோதும் பீன்ஸ் கோப்பில் பட்டியலிட்ட வரிசையே ஓடும் வரிசை. அந்த எக்ஸ்எம்எல்லை நாம் கேலி செய்தோம். ஆனால் பட்டியல் ஒரே இடத்தில் இருந்தது. அதன் உண்மையான குறை, ஒவ்வொரு ஜாருக்கும் தனித்தனிப் பட்டியல் என்பதுதான். அதைத் தீர்க்க 2013-இல் ஜாவா ஈஈ 7 பிரையாரிட்டி எண்ணைக் கொண்டுவந்து, 0, 1000, 2000, 3000, 4000 என்று தளங்களையும் வகுத்தது. ஜார்களைத் தாண்டி வரிசை கிடைத்தது. வரிசையைப் பார்க்கும் இடம் தொலைந்தது. ஸ்பிரிங்கும் இதற்கு விலக்கல்ல. அங்கே டிரான்ஸாக்‌ஷன், கேஷ் இரண்டுக்கும் இயல்பு எண் ஒன்றே, கடைசி எண். சம எண்ணுக்குள் எது முந்தும் என்று உறுதி கிடையாது.

ஆகவே இன்றைய கட்டுரையாளர்களிடம் ஒரு கோரிக்கை. இன்டர்செப்டர் வரும் ஒவ்வொரு எடுத்துக்காட்டிலும் அது ஓடும் வரிசையைத் திரையில் காட்டுங்கள். அந்த வரிசையைச் சோதிக்கும் டெஸ்ட் இருந்தால் அதையும் காட்டுங்கள். இல்லையென்றால் கேள்வி நேரத்தில் முதல் கேள்வி என்னுடையதாக இருக்கும். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.