சம்மதம் கொடுக்கும் முன் விதியைப் படியுங்கள்

(பம்மல் இளைஞர் வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெற்றோர்களே, தம்பி தங்கைகளே!

நாம் தினமும் பார்க்கும் ரூபாய்க் குறியீடு ஒரு போட்டியில் பிறந்தது. மத்திய நிதி அமைச்சகம் 2009-இல் அறிவித்த அந்தப் போட்டிக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. 2010 ஜூலை 15 அன்று நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமாரின் வடிவம் தேர்வானது. பரிசு 2.5 லட்சம் ரூபாய். குறியீடு அரசுக்குச் சொந்தமானது. வரைந்தவர் என்ற பெயர் மட்டும் இன்றும் அவருடையதே.

தேர்வு முறை சரியில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது, தள்ளுபடியானது. முடிவு வந்தபின் வாதாடுவது கடினம். ஆகவே முன்பே கேளுங்கள்: நடுவர் யார்? பரிசு எவ்வளவு, எப்போது? தோற்ற வடிவம் யாருக்குச் சொந்தம்?

இணையப் போட்டிகள் சிலவற்றில், வந்த வடிவங்கள் எல்லாமே நடத்துபவருக்குச் சொந்தம் என்று ஒரு வரி இருக்கும். அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக வரைந்தவரே முதல் உரிமையாளர். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமையை 57-ஆம் பிரிவு காக்கிறது.

தோற்ற வடிவத்தை வீசிவிடாதீர்கள். உரிமை உங்களிடம் இருந்தால், பெயரும் தேதியும் போட்டுத் தொகுத்து வையுங்கள். நாளை வேலை கேட்டுப் போகும்போது அதுதான் உங்கள் முகவரி. அடுத்தவர் வடிவத்தை எடுத்துப் போட்டால் அந்தப் பெயரே கெட்டுவிடும்.

பெற்றோர்களே, பிள்ளை வீட்டிலிருந்து வரைவதும் உழைப்புதான். நம் டிரஸ்ட் நாளை ஒரு சின்னத்துக்குப் போட்டி வைத்தாலும், இதே கேள்விகளை எங்களிடமும் கேளுங்கள்.