16 தாளின் எடை



சிவகாசிச் சிறு அச்சகங்களின் நோட்டுப் புத்தகங்களைத் தூத்துக்குடி வழியாகச் சிங்கப்பூருக்கு வரவழைத்து விற்கிறோம். சீனப் பெரிய ஆலைகளின் விலைக்கு அவர்களால் இறங்க முடியாது. இறங்கினால் தாளில்தான் கை வைக்க வேண்டும். அப்படித்தான் ஒருமுறை 70 ஜிஎஸ்எம் என்று வந்த சரக்கு மெலிந்திருந்தது. மை மறுபக்கம் ஊறியது. ஒரு பள்ளியின் ஆர்டரை இழந்தோம்.

அதன்பின் நிறுத்துப் பார்த்தே வாங்குகிறோம். 16 ஏ4 தாள்கள் ஒரு சதுர மீட்டர். 70 ஜிஎஸ்எம் என்றால் தராசு 70 கிராம் காட்ட வேண்டும்.

பெரிய ஆலை கண்டெய்னர் கணக்கில் பேசும். சிறு அச்சகமோ, பள்ளியின் பெயரை அட்டையில் அச்சிட்டு 500 நோட்டும் தரும். சிறியவர்களுக்கு அதுதான் பலம். எடையில் அமானிதம் காத்தால் அந்தப் பலம் நிலைக்கும். அவர்களுக்கும், நமக்கும்.